சுட்டவன் வீட்டுக்கு, செத்தவன் ஏட்டுக்கு!



திருவண்ணாமலையில் அண்மையில் ஒரு தெருமுனைக் கூட்டம். செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி மேடை. பேசி முடித்து, மைக்செட்டுக்காரர் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் பத்துப் பேர் தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்தோம். அந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்: உலகின் நாலா திசையிலிருந்தும் மௌனம் தேடி அங்கே வந்து குவிகிறார்கள். நானோ மௌனம் தேடிப் போனவனல்ல; தொண்டை கட்டப் பேசிவிட்டுத் தேநீர் தேடிப் போனவன்!

ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர் கேட்டார்:

"அண்ணே, இன்னைக்குக் காலையிலே ஒரு இத்தாலிக்காரர் நம்ம வண்டியிலே ஏறினாரு. தங்கமான மனுஷன். இறக்கி விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அவங்க நாட்டுச் சிப்பாய்ங்க ரெண்டு பேர் கப்பல்லேயிருந்து நம்ம மீனவரைச் சுட்டாங்களே, அந்தக் கேஸ் என்னதான் ஆச்சு?"

"தூக்குத் தண்டனை என்றார்களே" என்றார் ஒருவர். "ஓட்டுப் போட்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவேயில்லை" என்றார் இன்னொருவர். "பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டார்கள்" என்றார் கடைக்காரர்.

மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றில் எதுவும் முழு உண்மை அல்ல. கடலே இல்லாத ஊர் அது. கடற்காற்று படவேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போகவேண்டும். ஆனாலும் அந்தத் தோழரின் கேள்வி நியாயமான கேள்வி. அன்றிரவு பெஞ்சில் அரையும் குறையுமாகச் சொன்னதை, இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், மாலை நேரம். கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகு. தமிழ்நாட்டில் பதிவு பெற்ற படகு. அதில் 11 பேர். வலையிழுத்துக் களைத்தவர்கள் உறங்கிக் கிடக்க, ஒருவர் சுக்கான் பிடித்திருந்தார். அந்தப் பக்கமாக ஜிபூட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். அதிலே எண்ணெய் மட்டும் இல்லை. இத்தாலியக் கப்பற்படையின் சிப்பாய்கள் ஆறு பேர், துப்பாக்கிகளோடு இருந்தார்கள். படகு கப்பலை நெருங்கியது, எச்சரித்தும் விலகவில்லை, கொள்ளையர் என்று கருதினோம் என்பது அவர்கள் வாதம். படகில் இருந்த ஆயுதம்? வலை! குண்டு பாய்ந்து இரண்டு பேர் மாண்டார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொருவர் நமது குமரி மாவட்டத்துக் கடற்கரை இளைஞர். பெயர்கள் வழக்குக் கட்டுகளில் உள்ளன; இங்கே எழுதி அந்தக் குடும்பங்களின் புண்ணைக் கிளற எனக்கு மனமில்லை.

எண்ணெய்க் கப்பலிலே சிப்பாய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்குச் சோமாலியா வரை போகவேண்டும்.

1991இல் அந்த நாட்டின் சர்க்கார் கவிழ்ந்தது. கேட்க நாதியற்ற கடலில் அந்நிய விசைப்படகுகள் புகுந்து மீனை வாரின. கையில் துப்பாக்கியும் வயிற்றில் பசியும் உள்ள கரையிலே, கப்பலைப் பிடித்துப் பணயத்தொகை கேட்பது ஒரு தொழிலாயிற்று. மீனவன் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தத் தொழிலை முதலாளிகள் விரைவில் கைப்பற்றிக்கொண்டார்கள். எந்தத் தொழிலில்தான் கைப்பற்றவில்லை! 2008 ஜூன் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புக் குழு 1816ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, சோமாலியாவின் கடலுக்குள்ளேயே நுழைந்து கொள்ளையரைப் பிடிக்க அயல்நாட்டுக் கப்பற்படைகளுக்கு அனுமதி தந்தது. அவ்வாண்டு அக்டோபரிலிருந்து நமது கப்பற்படையும் ஏடன் வளைகுடாவில் காவல் நின்றது.

காவல் கூடக்கூட, கொள்ளையர் கிழக்கே நகர்ந்தார்கள். கப்பல் முதலாளிகளின் சங்கங்கள் வரைபடத்தை விரித்துவைத்து, 'ஆபத்து மிகுந்த பகுதி' என்று ஒரு கோடு கிழித்தன. 2010இல் அந்தக் கோடு 78 டிகிரி கிழக்கு வரை வந்துவிட்டது. தோழர்களே, 78 டிகிரி என்பது கிட்டத்தட்ட நமது தூத்துக்குடியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற கோடு! கேரளக் கரை முழுவதும் அந்தக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த கடல், ஒரே இரவில், எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்தவர்களின் எழுதுகோலால் கொள்ளையர் கடலாயிற்று. ஆப்பிரிக்கப் பக்கம் ஆபத்தென்று பெரிய கப்பல்கள் நமது கரையை ஒட்டிப் போகத் தொடங்கின. இன்ஷூரன்சுக்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். துப்பாக்கிக் காவல் வேண்டும் என்றார்கள் கப்பல்காரர்கள். 2011இல் இத்தாலி, தனது வணிகக் கப்பல்களில் கப்பற்படைச் சிப்பாய்களை ஏற்றச் சட்டமே செய்தது. சிறு படகில் வருகிறவன் மீனவனா, கொள்ளையனா என்று தொலைநோக்கியில் பார்த்துத் தீர்மானிக்கும் பொறுப்பு, நமது மீனவரை ஒருநாளும் அறியாத ஒரு சிப்பாயின் கையில் விழுந்தது. அந்தக் கோடு 65 டிகிரிக்குப் பின்வாங்க 2015 டிசம்பர் ஆயிற்று.

இதிலே ஒரு வேடிக்கை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு பிளினி என்ற ரோமானிய ஆசிரியன், இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் கொள்ளையருக்கு அஞ்சி வில்லாளிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறான். அவர்கள் வந்த துறை நமது சேரன் முசிறி. அன்று வில், அன்றைய ரோம். இன்று துப்பாக்கி, இன்றைய ரோம். கரை அதே கரை!

இனி வழக்குக்கு வருவோம்.

கொல்லத்தை அடுத்த நீண்டகரைக் கடலோரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. கப்பல் கொச்சிக்கு வரவழைக்கப்பட்டது. நான்காம் நாள், பிப்ரவரி 19இல், சிப்பாய்கள் இருவரைக் கேரளப் போலீசார் கைது செய்தார்கள். ஒரு கடலோரக் காவல் நிலையம் ஓர் ஐரோப்பிய அரசின் சிப்பாய்களைப் பிடித்து நிறுத்தியது. அதை நான் சாதாரணமாக எண்ணவில்லை.

இத்தாலி கேட்டது: "நடந்தது உங்கள் எல்லைக்கு வெளியே. சுட்டவர்கள் எங்கள் அரசின் சிப்பாய்கள். விசாரிக்க நீ யார்?"

கடலின் சட்டத்தை இங்கே கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் நிலத்தைப் போலவே நாட்டின் கடல். அதற்கு அப்பால் 24 மைல் வரை சுங்கம் முதலான சில காரியங்களுக்கு மட்டும் அதிகாரம். 200 மைல் வரை மீனுக்கும் எண்ணெய்க்கும் உரிமை. அதற்கப்பால் எல்லோருக்கும் பொது. அதாவது யாருக்கும் சொந்தமில்லை. செயின்ட் ஆண்டனி நின்றது 12க்கும் 24க்கும் நடுவே. உரிமை உண்டென்றும் வாதாடலாம், இல்லையென்றும் வாதாடலாம். வழக்கறிஞர்களுக்குக் கரும்புத் தோட்டம்!

2013 ஜனவரி 18இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கேரள சர்க்காருக்கு இந்த வழக்கில் அதிகாரம் இல்லை. 12 மைலுக்கு அப்பால் மாநிலத்தின் கை நீளாது. மத்திய சர்க்கார் தனி நீதிமன்றம் அமைத்து விசாரிக்கட்டும் என்றது. தீர்ப்பில் தர்க்கம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அரசியல் சட்டத்தில் மாநிலத்தின் அதிகாரம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? ஆனால் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட டில்லி அதை வைத்து என்ன செய்தது? அங்கேதான் வயிறு எரிகிறது.

அடுத்த மாதமே, இத்தாலியில் தேர்தல், ஓட்டுப் போடவேண்டும் என்றார்கள். நான்கு வாரம் அனுமதி கிடைத்தது. திரும்பி வருவார்கள் என்று இத்தாலியத் தூதர் உறுதி எழுதிக் கொடுத்தார். நமது ஊரிலே ஒரு தொழிலாளி, மகள் திருமணத்துக்குச் சிறையிலிருந்து ஒருநாள் போய்வர எத்தனை படி ஏறவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்! போனவர்கள் போனவர்களே என்றது இத்தாலி. சுப்ரீம் கோர்ட்டு சினந்து, தூதரே நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று தடை விதித்தது. தூதரைத் தடுத்து வைக்கலாமா என்று உலகமெல்லாம் சர்ச்சை. கடைசியில் மார்ச் 22இல் இருவரும் திரும்பினார்கள். ஆகவே, திரும்பவேயில்லை என்று சொன்ன தோழருக்கு என் பதில்: அந்த முறை திரும்பினார்கள்.

தூக்குத் தண்டனை என்ற பேச்சு எப்படி வந்தது? தேசியப் புலனாய்வு அமைப்பு, 2002ஆம் ஆண்டுக் கடற்பயணப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கைக் கொண்டுபோனது. அது பயங்கரவாதிகளுக்காக ஏற்பட்ட சட்டம், கொன்றால் தூக்கு. நட்பு நாட்டுச் சிப்பாயைப் பயங்கரவாதி என்பதா என்று ஐரோப்பா கொதித்தது. 2014இல் டில்லி அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. எந்தச் சட்டத்தில் விசாரிப்பது என்று தீர்மானிக்கவே இரண்டு ஆண்டு! அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு சிப்பாய் உடல் நலிவு காரணமாக வீடு போனார். 2016 மே மாதம் மற்றவரும் போனார். குற்றச்சாட்டே வனையப்படவில்லை. ஒரு சாட்சிகூடக் கூண்டேறவில்லை.

இதற்கிடையே இத்தாலி வழக்கைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு எடுத்துச் சென்றிருந்தது. ஐந்து நடுவர்கள். 2020 மே 21இல் தீர்ப்பு, ஜூலையில் வெளிவந்தது. இந்தியப் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, நட்டஈடு தரவேண்டும் என்றது மன்றம். அது சரி. ஆனால் சிப்பாய்கள் அரசுக் கடமை செய்தவர்கள், இந்திய நீதிமன்றம் அவர்களைத் தொடக்கூடாது என்றும் சொல்லிற்று. மூவர் ஒரு பக்கம், இருவர் ஒரு பக்கம்! ஒரே ஒரு தலை வித்தியாசத்தில் நமது நாட்டின் நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டது.

இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. மாண்டவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி. படகுக்காரருக்கு 2 கோடி. 2021 ஜூன் 15இல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்தது. கடைக்காரர் சொன்னது இதைத்தான். படகில் இருந்த மற்றவர்களின் நினைப்பு யாருக்கும் வரவில்லை. அவர்களே நீதிமன்றம் ஏறிய பிறகு, 2022இல், படகுக்காரர் பங்கிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் தரச்சொல்லி உத்தரவாயிற்று. சரி, இத்தாலியாவது விசாரித்ததா? 2022 ஜனவரியில், சாட்சியம் போதவில்லை என்று ரோம் நீதிமன்றம் கட்டை மூடிவிட்டது.

அந்தக் குடும்பங்கள் பணம் வாங்கியதைக் குறை சொல்பவனோடு நான் சேரமாட்டேன். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு நீதி வராது என்று தெரிந்தவன், வருவதை வாங்கிக்கொள்ளத்தான் செய்வான். ஆனால் சுட்டது சரியா, தவறா என்று எந்த நாட்டு நீதிபதியும் சாட்சிகளை நிறுத்தி விசாரித்துச் சொல்லவில்லை. தோழர் கேட்ட 'கேஸ் என்ன ஆச்சு' என்பதற்கு இதுதான் பதில்: கேஸ் நடக்கவேயில்லை.

தூத்துக்குடிக் கதை இதற்கு நேர் மாறு, அதையும் கேளுங்கள்.

கப்பல்களில் காவலுக்கு நிற்கும் தனியார் ஆட்கள், துப்பாக்கியோடு துறைமுகத்துக்குள் வர முடியாது. அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் தராது. ஆகவே கம்பெனிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நடுக்கடலில் ஒரு கப்பலை நிறுத்தி, அதையே துப்பாக்கிக் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட கப்பல் ஒன்று 'சீமேன் கார்டு ஒகையோ'. அமெரிக்கக் கம்பெனியின் கப்பல். சியரா லியோன் நாட்டுக் கொடி. 2013 அக்டோபர் 12இல் நமது கடலோரக் காவற்படை அதைப் பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. உள்ளே 35 பேர்: பிரிட்டிஷார், எஸ்டோனியர், உக்ரேனியர், இந்தியர். 35 துப்பாக்கிகள்; ஐயாயிரத்துக்கு மேல் தோட்டாக்கள். கரையிலிருந்து தரகர் மூலம் டீசல் வாங்கியதும் வழக்கிலே சேர்ந்தது. நின்ற இடம் 12 மைலுக்கு உள்ளேயா, வெளியேயா? மீண்டும் அதே மைல்கல் தகராறு!

2014இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுத வழக்கைத் தள்ளியது. 2015இல் சுப்ரீம் கோர்ட்டு, தள்ளியது செல்லாது, விசாரி என்றது. 2016 ஜனவரி 11இல் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டு கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27இல் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. புயலுக்கு ஒதுங்கி, எரிபொருள் தீர்ந்து வந்தவர்கள் என்ற வாதம் ஏற்கப்பட்டது.

அந்த 35 பேர் யாரையும் சுடவில்லை. கூலிக்குக் காவல் நின்றவர்கள். நமது இந்தியத் தொழிலாளிகளும் அதில் உண்டு. நான்கு ஆண்டு அலைக்கழிந்தார்கள். இறுதியில் குற்றமற்றவர்கள் என்றது நீதிமன்றம். கிடங்கு வைத்த முதலாளிகள் கூண்டில் நிற்கவில்லை. கொச்சியிலோ, சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரிக்க ஒரு நீதிமன்றமும் கிட்டவில்லை. சிப்பாயின் பின்னே ஓர் அரசு நின்றது. கூலிக் காவலாளியின் பின்னே யார் நின்றார்கள்?

நமது கப்பற்படை வீரர்களை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்துவந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1999 நவம்பரில், ஜப்பானியருக்குச் சொந்தமான 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற சரக்குக் கப்பலைக் கடத்திச்சென்ற கூட்டத்தைக் கப்பற்படையும் காவற்படையும் அரபிக் கடலில் துரத்திப் பிடித்தன. மும்பை நீதிமன்றம் 2003இல் ஏழாண்டு விதித்தது. 2005இல் உயர்நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நமது தண்டனைச் சட்டத்தில் கடற்கொள்ளை என்ற குற்றமே எழுதப்பட்டிருக்கவில்லை! வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய புத்தகம். அதற்குப்பின் வந்தவர்களுக்கும் கடல் கண்ணில் படவில்லை.

2011இல் சில மாதங்களில் நமது வீரர்கள் ஏறத்தாழ 120 சோமாலியரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஏழாண்டு என்று தீர்ப்பு வரத்தொடங்கியது 2017இல். அதற்குள் ஆறாண்டு விசாரணைக் கைதிகளாகவே கழிந்துவிட்டது. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை, நடுக்கடலில் கொள்ளையனை எந்த நாடும் பிடிக்கலாம், விசாரிக்கலாம் என்கிறது. 'லாம்' என்றுதான் சொல்கிறது. 'வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' போதும் என்று பல நாட்டுப் போர்க்கப்பல்கள் பிடித்தவர்களின் துப்பாக்கியைக் கடலில் எறிந்துவிட்டு ஆளை அனுப்பிவைத்தன. விசாரணைச் செலவு யார் தலையில் என்ற கணக்கு!

நமது பக்கத்திலும் ஒரு துயரம் உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் பத்திரிகைக்காரன் அல்ல. 2008 நவம்பர் 18இல் 'தபார்' என்ற நமது போர்க்கப்பல், மிரட்டிய கொள்ளையர் கப்பல் ஒன்றைச் சுட்டு மூழ்கடித்தது. பிறகு தெரிந்தது: அது கொள்ளையர் கைப்பற்றியிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல். உள்ளே கட்டுண்டு கிடந்த தொழிலாளிகளில் ஒருவன் மட்டும் ஆறு நாள் கடலில் மிதந்து உயிரோடு மீண்டான். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது கப்பற்படை. இருக்கலாம். அங்கேயும் செத்தவன் வலையிழுப்பவன்.

ஒருவழியாக 2022 டிசம்பரில் பார்லிமெண்டு கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கொள்ளைக்கு ஆயுள் தண்டனை வரை. உயிர் போனால் தூக்கு வரை. 2024 மார்ச்சில் 'ரூயென்' என்ற கப்பலை மீட்க, கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டருக்கு அப்பால், விமானத்திலிருந்து குதித்தார்கள் நமது வீரர்கள். நாற்பது மணி நேரப் போராட்டம். 17 மாலுமிகள் மீட்பு. 35 கொள்ளையர் பிடிபட்டு மும்பைக்கு வந்தார்கள். இப்போது அவர்களை விசாரிக்கச் சட்டம் இருக்கிறது. மகிழ்ச்சி!

ஆனால் அது கொள்ளையனைப் பற்றிய சட்டம். கொள்ளையன் என்று நினைத்துச் சுடுகிறவனைப் பற்றிய சட்டம் எங்கே?

இதைப் பார்லிமெண்டில் நமது உறுப்பினர்கள் எழுப்பவேண்டும். நமது 200 மைலுக்குள் துப்பாக்கியோடு போகும் வணிகக் கப்பல், எத்தனை துப்பாக்கி, யார் கையில் என்று முன்கூட்டியே தெரிவிக்கட்டும். எந்த நாட்டுச் சிப்பாய் ஏறினாலும், நமது மீனவர் மேல் குண்டு பட்டால் எந்த நீதிமன்றம் என்பதை அந்தந்த நாட்டோடு இப்போதே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளட்டும். பிணம் கரை ஒதுங்கிய பிறகு ஏடு புரட்டவேண்டாம். விசாரணையில் கரையோர மாநிலத்தின் போலீசுக்கும் பங்கு கொடுக்கட்டும். முதலில் ஓடிப்போய்ப் படகைப் பார்ப்பவன் அவன்தானே? நாளையே நமது குமரிக் கடலில் இன்னொரு துப்பாக்கி வெடித்தால், தமிழ்நாட்டுப் போலீசுக்கும் 12 மைலோடு சரி என்பதுதான் தீர்ப்பின் பொருள்.

அன்றிரவு நான் பேசி முடிக்கும்போது தேநீர் ஆறிவிட்டிருந்தது. அந்தச் செங்கம் சாலை வழியே மேற்கே போனால் செங்கம் வட்டாரம் வரும். பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைந்த மண். மாடுகளைக் கவர்ந்து போகிறவர்களைத் துரத்திச் சென்று மீட்டு மாண்டவனுக்கு நட்ட கற்கள். எந்த மன்னன் காலம், எத்தனையாவது ஆட்சி ஆண்டு, எந்த ஊர், மாண்டவன் பெயர் என்ன என்று அவற்றிலே வெட்டியிருக்கிறார்கள். யாருடைய எல்லை என்ற தகராறு அன்றும் இருந்திருக்கும். ஆனாலும் மாண்டவன் இன்னாருடைய ஆள் என்று ஓர் அரசன் பெயர் கல்லில் நின்றது. ஆட்டோ தோழருக்கு அதைச் சொன்னேன். அவர் அந்தக் கற்களைப் பார்த்திருக்கிறாராம். சவாரி போகும்போது ஒரு கல்லின் அருகே வண்டியை நிறுத்தியதும் உண்டாம்.

"அப்போ, அடுத்த தடவை சுட்டா எந்தக் கோர்ட்டுண்ணே?" என்றார், வண்டியின் சாவியைக் கையில் எடுத்தபடி.

டில்லியைக் கேட்கவேண்டும் என்றேன். நேரமாகிவிட்டது, பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறேன் என்று அழைத்துப் போனார்.